கொடுத்த எழுத்துகளில் தமிழ்ச் சொல் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொல் புதிர் போடுகிறவர்களும் அவிழ்க்கிறவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இவைதான். குறுக்கெழுத்துப் பிரியர்கள், வகுப்பில் விளையாட்டு நடத்தும் ஆசிரியர்கள், இதற்கென்று நிரல் எழுத உட்கார்ந்தவர்கள் என்று கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள். சந்தேகங்கள் மட்டும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றாகவே இருக்கும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். கணினி வாடையே வேண்டாம் என்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"இந்த எழுத்துகள் வரும் சொல்" என்றால் சரியாக என்ன அர்த்தம்? எல்லாவற்றையும் பயன்படுத்தியே ஆகணுமா?

இதைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. மூன்று வகை உண்டு. முதலாவது கலைத்துப் போட்டது: கொடுத்த எழுத்துகள் எல்லாம் வர வேண்டும், வேறு எதுவும் வரக் கூடாது. க, த, வு கொடுத்தால் கதவு, தகவு. இரண்டாவது உள்ளடங்கியது: கொடுத்ததிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துச் சின்னச் சின்னச் சொற்களாக எத்தனை முடியுமோ அத்தனை அமைப்பது. மூன்றாவது கொண்டிருப்பது: கொடுத்த எழுத்துகள் சொல்லுக்குள் எங்காவது இருந்தால் போதும், மற்ற எழுத்துகள் எத்தனை இருந்தாலும் சரி.

புதிர் போடுகிறவர் எந்த வகை என்று தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். கீழே "கலைத்தது", "உள்ளடங்கியது", "கொண்டது" என்று நான் சொல்வதெல்லாம் இந்த மூன்றைத்தான்.

எழுத்துன்னா எதைச் சொல்றீங்க? 'கொக்கு' மூன்று எழுத்தா ஆறு எழுத்தா?

மூன்று. கொ, க், கு. பள்ளியில் படித்த 247 எழுத்துக் கணக்குதான் இங்கும்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கொ என்பதை எழுதும்போது கொம்பு, க, கால் என்று மூன்று வடிவம் விழுந்தாலும் அது ஒரே எழுத்து. புள்ளி வைத்த க் தனி எழுத்து. குறுக்கெழுத்தில் அதற்கும் ஒரு முழுக் கட்டம் உண்டு.

"மெய்க்கு அரை மாத்திரைதானே, அதைப் போய் ஓர் எழுத்தாக எண்ணலாமா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை ஒலி நீளத்தின் அளவு. எழுத்தின் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

நகரம் / நரகம் மாதிரி வேறு ஜோடிகள் சொல்லுங்களேன்.

வாசல் / சவால். கலசம் / சகலம். கதவு / தகவு. தரம் / ரதம். சரம் / ரசம். கரம் / ரகம். இவை எல்லாமே எழுத்துக்கு எழுத்து சரியாக ஒத்துப்போகும்.

தமிழில் இப்படிப்பட்ட ஜோடிகள் குறைவு என்று பலர் வருத்தப்படுகிறார்கள். காரணம் எளிது. ஆங்கிலத்தில் 26 எழுத்தையே மாற்றி மாற்றிப் போட்டாக வேண்டும், அதனால் மோதல் அதிகம். நமக்கு 247. உயிர்மெய்யில் உயிர் ஒட்டிக்கொண்டே நகர்வதால், இடம் மாறும்போது அந்த ஒலியையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள்: ஏறக்குறைய எல்லாமே அகரம் ஏறிய எழுத்துகள், கடைசியில் ம். புது ஜோடி தேடுகிறவர்கள் அந்த வட்டாரத்திலேயே துழாவினால் பலன் இருக்கும்.

ராகம், காரம் இரண்டும் அதே எழுத்துகள்தானே? அதை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை?

அதே எழுத்துகள் அல்ல. ராகத்தில் இருப்பவை ரா, க, ம். காரத்தில் இருப்பவை கா, ர, ம். கால் ஓர் எழுத்திலிருந்து கழன்று இன்னோர் எழுத்தில் ஏறிக்கொண்டது. எழுத்துக் கணக்கில் இது செல்லாது. ஒலியாகப் பிரித்தால் செல்லும்: ர்+ஆ+க்+அ+ம், க்+ஆ+ர்+அ+ம். அதே ஐந்து ஒலிகள்.

ஒலிக் கணக்கில் விளையாடுவதும் நல்ல விளையாட்டுதான், எனக்குப் பிடிக்கும். ஆனால் அது வேறு விளையாட்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கணினி இந்த இரண்டையும் எப்படிக் குழப்புகிறது என்பது பின்னால் வருகிறது.

எழுத்துகளைப் பார்த்ததும் தலை சுற்றுது. எங்கே ஆரம்பிக்கிறது?

சொல்லின் முதலில் எது வர முடியாது என்பதில் ஆரம்பியுங்கள். மொழி முதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் (மெய்க்கு அடுத்து எது நிற்கலாம் என்ற விதி) என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்தோமே, அந்த இலக்கணம் இந்த வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. எந்தத் தேடல் கருவியையும்விட எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

உயிரெழுத்து கொடுத்திருந்தால் அதிர்ஷ்டம். அளபெடையை (ஓசை நீள்வதற்காக நடுவிலும் கடைசியிலும் உயிரைச் சேர்த்து எழுதுவதை) விட்டுவிட்டால் உயிர் சொல்லின் முதலில் மட்டுமே வரும். அ, ஒ, ஈ எது கிடந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு முதல் கட்டத்தில் வையுங்கள். புள்ளி எழுத்து முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டின் வரிசைகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. வ வரிசையில் வு, வூ, வொ, வோ வராது. ய வரிசையில் பெரும்பாலும் யா, சில சொற்களில் ய, யு, யூ, யோ. ஞ வந்தால் ஞாயிறு, ஞானம் என்று நாலைந்து சொற்களோடு முடிந்துவிடும். மிச்சம் இருக்கும் க, ச, த, ந, ப, ம ஆகிய ஆறு வரிசைகள்தான் தாராளமாக முதலில் நிற்பவை. (தொல்காப்பியம் ச, சை, சௌ மூன்றும் முதலில் வராது என்கிறது, நன்னூல் அந்தத் தடையை வைக்கவில்லை. நமக்கு நன்னூல் கணக்கே போதும், சட்டியும் சரிவும் இல்லாமல் எப்படிப் புதிர் போடுவது?)

கடைசி எழுத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. மெய்யில் முடியும் சொற்கள் இன்றைய வழக்கில் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் என்ற எட்டில் ஒன்றில்தான் முடியும். க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. ங் முடிவதில்லை. ஞ், ந், வ் ஆகியவற்றில் முடியும் உரிஞ், வெரிந், தெவ் போன்றவை இலக்கண நூலோடு நின்றுவிட்டவை.

கு, சு, டு, து, பு, று இவற்றில் ஒன்று இருந்தால் அதைக் கடைசியில் வைத்து ஒருமுறை பாருங்கள். குற்றியலுகரத்தில் முடியும் சொற்கள் நம் மொழியில் கொட்டிக் கிடக்கின்றன. கெ, தொ மாதிரி எகர, ஒகரக் குறில்கள் கடைசியில் வருவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் இருக்கிற புள்ளி எழுத்துதான் என்னை மாட்டிவிடுது. எதுக்குப் பக்கத்தில் எது?

இங்கேதான் உண்மையான லாபம் இருக்கிறது. மெய்யெழுத்து தனக்கு அடுத்தது யார் என்பதில் மிகவும் பிடிவாதமானது.

க், ச், த், ப் நான்கும் தன் வரிசையோடு மட்டும் சேரும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. க் கிடந்தால் அடுத்தது க வரிசை, வேறு பேச்சே இல்லை. சக்தி, பக்தி, சப்தம் எல்லாம் வடமொழி வழியாக வந்தவை, அதனால் விதிவிலக்கு. ட், ற் இரண்டும் தன் வரிசையோடும் க, ச, ப வரிசைகளோடும் சேரும்: பட்டம், வெட்கம், கட்சி, நட்பு, காற்று, கற்கண்டு, முயற்சி, கற்பு.

மெல்லினத்தில் ஒவ்வொன்றுக்கும் சொந்த ஜோடி உண்டு: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இதை முதலில் போட்டுப் பாருங்கள். ங் ஏறக்குறைய எப்போதும் க வரிசையோடுதான் வரும். ந் என்றால் த வரிசை, அல்லது வெந்நீர் போல ந வரிசை. ண், ன் இரண்டும் கொஞ்சம் தாராளம்: வெண்கலம், எண்பது, அன்பு, நன்மை. ல், ள் இரட்டிக்கும். வ, க, ப, ச, ய வரிசைகளோடும் போகும்: செல்வம், கொள்கை, கேள்வி, கல்யாணம்.

ர், ழ் இரண்டும் எங்கும் இரட்டிக்காது. ர், ர இரண்டும் கொடுத்திருந்தால் அவற்றை ஒட்ட வைக்காதீர்கள். ஆனால் ய், ர், ழ் மூன்றுக்கு ஒரு சலுகை: தனக்குப் பின்னால் இன்னொரு மெய்யை நிற்க விடும். வாய்க்கால், பார்த்தல், வாழ்க்கை. புள்ளி எழுத்து அளவுக்கு மீறி இருப்பதாகத் தோன்றினால் இந்த மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பின்னால்தான் இன்னொரு புள்ளி நிற்கும்.

இதெல்லாம் சேர்த்து ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்க.

சின்னதில் தொடங்குவோம். க, ந, ம், ர. நான்கு எழுத்துக்கு 24 வரிசைகள். ம் முதலில் வராது. அடுத்து ப, ம, ய, வ வரிசை எதுவும் இல்லாததால் நடுவிலும் நிற்காது. ஆகவே கடைசி. மிச்சம் 6. ர முதலில் வராது, மிச்சம் 4: நகரம், நரகம், கநரம், கரநம். தனி ந தமிழ்ச் சொல்லின் நடுவில் அபூர்வம். ஆகவே இரண்டே இரண்டு, இரண்டும் நல்ல சொற்கள்.

பெரியது ஒன்று: கி, ச், ட, ங், ஒ, வி, க, ட், சி. ஒன்பது வேறு வேறு எழுத்துகள், 3,62,880 வரிசைகள். ஒ உயிர், ஆகவே முதல் கட்டம். ச் போக ஒரே இடம் சி, ஆகவே ச்சி ஒரு துண்டு. ங் அடுத்து க அல்லது கி. ட் அடுத்து ட, க, கி மூன்றில் ஒன்று (சியை ஏற்கெனவே ச் பிடித்துக்கொண்டது). ட், ங் இரண்டுக்கும் ஜோடி சேர்க்க நான்கே வழிகள்: ட்ட–ங்க, ட்ட–ங்கி, ட்க–ங்கி, ட்கி–ங்க. ஒவ்வொரு வழியிலும் ஒ தவிர ஐந்து துண்டுகள் நிற்கும், அவற்றை 120 விதமாக அடுக்கலாம். மொத்தம் 480. மூன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது, அகராதியைத் தொடாமலே ஐந்நூறுக்குள் வந்துவிட்டது. ஒ-வுக்கு அடுத்து ட்ட வைத்துப் பார்க்கிறவருக்கு அந்த 480கூட வேண்டாம். ஒட்டகச்சிவிங்கி தானே எட்டிப் பார்க்கும்.

ரசம், லாபம், டமாரம் எல்லாம் ர, ல, ட-வில்தானே தொடங்குது? விதி உடைஞ்சு போச்சே!

உடைந்துதான் போயிருக்கிறது. ரயில், லாரி, டம்ளர் என்று அன்றாடம் சொல்கிறோம். பழைய முறையில் முன்னால் ஓர் உயிரை வைத்து எழுதினார்கள்: இரசம், இரதம், இலாபம், அரங்கன், உரோமம். அகராதியில் ர-வில் கிடைக்காத சொல்லை இ, அ, உ போட்டுத் தேடினால் பல நேரம் கிடைத்துவிடும்.

விளையாட்டுக்கு என் ஆலோசனை: முதலில் விதியை நம்பித் தேடுங்கள், அதில் கிடைக்காவிட்டால் மட்டும் வேற்றுமொழிச் சொற்கள் பக்கம் போங்கள். தலைகீழாகச் செய்தால் நேரம்தான் விரயம்.

ல, ழ, ள மூன்றும் வருகிற ஒரே சொல் இருக்கா? ந, ண, ன?

தொழிலாளி. நண்பன். ர, ற இரண்டும் வேண்டுமென்றால் வரலாறு. இவை "கொண்டது" வகை. மயங்கொலிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதைவிடக் கைகொடுக்கும் சொற்கள் கிடைக்காது.

உள்ளடங்கிய சொற்கள் தேடும்போது ஒரே எழுத்தில் சொல் எழுதினால் ஒத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. நன்னூல் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைக் கணக்குச் சொல்கிறது. நொ, து இரண்டு மட்டும் குறில், மற்ற 40ம் நெடில். கை, தீ, பூ, மை, நா, வா, போ மாதிரி அன்றாடச் சொற்களே அதில் பாதிக்கு இருக்கும். போட்டி சுவையாக இருக்க வேண்டுமென்றால் இரண்டு எழுத்துக்குக் குறையாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மேலே உள்ள ஒட்டகச்சிவிங்கி எழுத்துகளிலிருந்து கவி, கட்சி, கச்சி, கவிச்சி என்று எடுக்கலாம். கவிச்சி புலாலைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல். அதை ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஆட்டத்தின் நடுவில் வாதாடாதீர்கள். எந்த அகராதி தீர்ப்புச் சொல்லும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மரத்தை, மரங்கள், மரத்தில் இதெல்லாம் தனித்தனிச் சொல்லா?

வாக்கியத்தில் ஆம், புதிரில் வேண்டாம் என்பேன். வேற்றுமை உருபு, பன்மை விகுதி, காலம், இடம் என்று ஒட்டிக்கொண்டே போனால் ஒரு வினையடியிலிருந்தே நூற்றுக்கணக்கில் வடிவங்கள் வரும். அதையெல்லாம் அனுமதித்தால் யாரும் தோற்கவே முடியாது. அகராதியில் தலைச்சொல்லாக இருக்கும் வடிவம் மட்டும் செல்லும் என்பதே சுத்தமான விதி.

ஆனால் வினைச்சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வினைகளை 'செய்தல்' என்று தொழிற்பெயராகத் தருகிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 'செய்' என்று வினையடியாகத் தருகிறது. ஓர் அகராதியில் நான்கு எழுத்து, இன்னொன்றில் இரண்டு. இதனால்தான் அகராதியின் பெயரைச் சொல்லாமல் விதி போடக் கூடாது என்கிறேன்.

அப்போ எந்த அகராதியை வச்சுக்கலாம்?

பிள்ளைகளோடு விளையாட, இன்றைய வழக்கைச் சார்ந்து ஆட க்ரியா. முதல் பதிப்பு 1992-இல் வந்தது, அதன் பிறகு விரிவாக்கிய பதிப்புகளும் உண்டு. பழஞ்சொல்லும் செல்லும் என்றால் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தொகுப்பில் அதை இணையத்திலேயே தேடலாம்.

நிரலுக்குச் சொற்பட்டியல் வேண்டுமென்றால் தமிழ் விக்சனரியின் தரவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அதில் ஆங்கிலத் தலைச்சொற்களும் ஏராளம். தமிழ் எழுத்து மட்டும் உள்ளவற்றை வடிகட்டிய பிறகே பயன்படுத்துங்கள்.

முதல் எழுத்து தெரியலை, இரண்டாவது எழுத்துதான் தெரியும். அகராதியில் எப்படித் தேடுவது?

அகரவரிசை அகராதி இங்கே உதவாது. நம் முன்னோர்களுக்கு இந்தத் தேவை நிறைய இருந்தது; இரண்டாம் எழுத்து ஒத்துப்போவதுதானே எதுகை. செய்யுள் கட்டுகிறவருக்கு முதல் எழுத்தைவிட இரண்டாம் எழுத்தே முக்கியம். செய்யுளில் எழுதிய பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ககர எதுகை, ஙகர எதுகை என்றே அடுக்கப்பட்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி, 1732, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டது. கடைசிப் பகுதி எதுகைக்கு உதவுவதற்காகவே. குறுக்கெழுத்துக்காரர் கேட்கும் அதே கேள்விக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு நிகண்டைப் புரட்டச் சொன்னால் யாரும் கேட்கமாட்டீர்கள். சொற்பட்டியல் கையில் இருந்தால் கீழே சொல்லும் பிரிகோடு முறையே போதும்.

கறுப்பா கருப்பா? பவளமா பவழமா? விடை இரண்டு விதமா வந்தா?

இரண்டும் வழக்கில் இருக்கிறது, இரண்டும் அகராதிகளில் இருக்கிறது. இயக்குநர் / இயக்குனர் அதே கதை. புதிர் போடுகிறவர் இப்படிப்பட்ட சொற்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. அவிழ்க்கிறவர் மாட்டிக்கொண்டால் ர-ற, ல-ழ-ள, ந-ன மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

ஆங்கிலத்துக்கு இருக்கிற சொல் தேடும் கருவியில் தமிழ்ப் பட்டியலைப் போட்டேன். குப்பை குப்பையா வருது. ஏன்?

அந்தக் கருவிக்குத் தெரிந்தது குறியீடு, எழுத்து அல்ல. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. தமிழில் அப்படி இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் குறியீடு ஒதுக்கும் தரமான யூனிகோடில் தமிழ் 1991-இல், முதல் பதிப்பிலேயே இடம் பிடித்தது, ஆனால் அங்கே 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. க, ங, ச என்று அகரம் ஏறிய எழுத்துகளுக்கு இடம் உண்டு. க் என்பது க-வும் புள்ளியும். கி என்பது க-வும் இகரக் குறியும். இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை, உயிர் வந்து ஏறுகிறது. கணினியில் அது அப்படியே தலைகீழ்.

கற்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு க, ற், க, ண், டு என ஐந்து எழுத்து. கணினிக்கு க, ற, புள்ளி, க, ண, புள்ளி, ட, உகரக்குறி என எட்டு. ஐந்தெழுத்துச் சொல் கேட்டால் இது வராது, எட்டு எழுத்து கேட்டால் வரும். எழுத்துகளைக் கலைக்கச் சொன்னால் புள்ளியைத் தனியாகக் கழற்றி வேறொன்றின் தலையில் வைக்கும். ராகமும் காரமும் ஒரே கலைப்பு என்று அடித்துச் சொல்லும், ஏனென்றால் அதன் கணக்கில் இரண்டிலும் அதே ஐந்து குறியீடுகள். சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் கடல் என்பதன் புள்ளி முதலில் வந்து அந்தரத்தில் தொங்கும்.

தீர்வு: எதைச் செய்வதற்கு முன்னும் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். பல நிரல் மொழிகளில் கிராஃபீம் கிளஸ்டர் (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் குறியீடுகளின் கூட்டம்) என்ற அலகில் பிரிக்கும் வசதி இருக்கிறது. கிரந்தக் கூட்டெழுத்துகளை விட்டுவிட்டால் அது நம் எழுத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற தொகுப்பு இந்த வேலையைச் செய்து கொடுக்கிறது.

'க' போட்டுத் தேடினா கி, கு, க் எல்லாம் சேர்ந்து வருது. தனி 'க' மட்டும் வேணும்.

முந்தைய பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் புரிந்திருக்கும். எளிய வழி, பட்டியலை ஒரே ஒரு முறை எழுத்தெழுத்தாகப் பிரித்து நடுவில் ஒரு கோடு போட்டுச் சேமித்துவிடுவது. கடல் என்பது |க|ட|ல்| என்று ஆகும். இப்போது |க| என்று தேடினால் தனி க மட்டும் சிக்கும், கி சிக்காது. வரியின் தொடக்கத்தில் கோடு, அடுத்த கோட்டுக்கு முன் எதுவானாலும் சரி, அடுத்து ட என்று கேட்டால் இரண்டாம் எழுத்து ட ஆக உள்ள சொற்கள் எல்லாம் வந்துவிடும். எத்தனை எழுத்து என்று அறியக் கோடுகளை எண்ணி ஒன்று கழித்தால் போதும்.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் விரிதாளில் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வடிகட்டிப் பார்க்கலாம். பிரிப்பதற்கு மட்டும் தெரிந்த ஒருவரின் உதவி ஒருநாள் வேண்டும்.

பட்டியலில் சொல் கண்ணெதிரே இருக்கு. தேடினா 'இல்லை'ங்குது. கணினிக்குக் கண் தெரியலையா?

ஒரே மாதிரி தெரியும், உள்ளே வேறாக இருக்கும். கொ என்பதை ஒகரக்குறி ஒன்றே போட்டும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகப் போட்டும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பட்டியலையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தலில் ஓட்டினால் இது சரியாகிவிடும்.

அதில் சரியாகாத கோளாறும் உண்டு. ஔவை என்று தட்ட வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் தட்டி 'ஒளவை' என்று எழுதுவது. அச்சில் பார்க்க அப்படியே இருக்கும், தேடலில் வராது; எழுத்து எண்ணிக்கையும் ஒன்று கூடிவிடும். கௌ விஷயத்திலும் இதே கூத்து. கொம்பு போட்டு, பக்கத்தில் ள எழுதிவிடுகிறார்கள். தமிழ் எண் ௧-வும் எழுத்து க-வும் குழம்பிய பட்டியல்களும் உண்டு. இவற்றை எந்தக் கருவியும் தானாகத் திருத்தாது, கையால்தான் களையெடுக்க வேண்டும்.

ஒரு பட்டியலில் இருக்கிற எல்லாக் கலைப்பு ஜோடிகளையும் மொத்தமா எடுக்க முடியுமா?

முடியும், முறையும் எளிது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் ஏதாவது ஒரு நிலையான வரிசையில் அடுக்கி அதற்குச் சாவி என்று பெயர் வையுங்கள். வாசலுக்கும் சவாலுக்கும் எழுத்துகளை அடுக்கினால் ஒரே சாவி வரும். சாவிப்படி பட்டியலை வரிசைப்படுத்தினால் ஒரே சாவி உள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அடுக்குவது எழுத்தை, குறியீட்டை அல்ல. இதை மறந்தால் பட்டியல் முழுக்க ராகம்-காரம்தான்.

எல்லா வரிசைகளையும் உருவாக்கி ஒவ்வொன்றாக அகராதியில் தேடும் நிரலை எழுதாதீர்கள். எட்டு எழுத்துக்கே 40,320 வரிசைகள்.

உள்ளடங்கிய சொல் தேடும்போது ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தா?

கொடுத்ததில் எத்தனை முறை இருக்கிறதோ அத்தனை முறைதான். கலகம் என்பதற்கு இரண்டு க வேண்டும், கொடுத்தது ஒன்றே என்றால் செல்லாது. நிரலில் ஒவ்வோர் எழுத்தின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் தப்பு விடைகள் நுழையும். பப்பாளியில் ப மூன்று முறை வருவதாகச் சொல்கிறவர்கள் உண்டு. வருவது ப, ப், பா. மூன்றும் வேறு வேறு எழுத்து.

மெய் மட்டும் ஞாபகம் இருக்கு, மேலே ஏறின உயிர் ஞாபகம் இல்லை. தேடலாமா?

தேடலாம், சொல்லப்போனால் மறந்துபோன சொல்லைப் பிடிக்க இதுதான் நல்ல வழி. ஒவ்வொரு சொல்லுக்கும் உயிர்க்குறிகளை எல்லாம் உரித்துவிட்டு ஓர் எலும்புக்கூட்டைக் கூடவே சேமியுங்கள். ப-ட-ம் என்ற கூட்டுக்குள் படம், பாடம், பீடம் மூன்றும் வரும். கணினி தமிழைச் சேமிக்கும் விதம் இங்கே மட்டும் நமக்குச் சாதகம்: குறிகளைத் தூக்கி எறிந்தாலே கூடு மிஞ்சுகிறது. புள்ளியைத் தூக்காமல் விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் படமும் பாடமும் தேடப் போய் எதையெதையோ கொண்டுவந்து கொட்டும்.

ஸ்ரீ, க்ஷ இதெல்லாம் ஓர் எழுத்தா இரண்டா?

நான் ஒன்றாகவே எண்ணுகிறேன். கருவிகள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிக்கும், ஆகவே நிரலில் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். ஸ்ரீ இரண்டு விதமாகத் தட்டச்சாகிறது என்பது கூடுதல் தலைவலி. கிரந்தமே வேண்டாம் என்று விதி வைத்தால் எல்லாம் தீர்ந்தது, பல புதிர்க்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

நானே புதிர் போடுறேன். ஒரே விடைதான் வரும்னு எப்படி உறுதி செய்வது?

சாவி முறையில் உங்கள் சொல்லுக்கு இணை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அகரமேறிய எழுத்துகள் வரிசையாக வந்து ம்-இல் முடியும் மூன்று, நான்கெழுத்துச் சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். நகரத்தைக் கேட்டால் பாதிப் பேர் நரகம் எழுதுவார்கள். உயிரில் தொடங்கும் சொல்லையும், பிடிவாதமான மெய்கள் இரண்டு மூன்று உள்ள சொல்லையும் எடுத்தால் எளிதில் உடையும், குழந்தைகளுக்கு ஏற்றது. கடினமாக வேண்டுமென்றால் புள்ளியே இல்லாத சொல்லாகப் பாருங்கள். அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது நீங்கள் நினைக்காத இன்னொரு சொல்லோடு வந்தால், ஒப்புக்கொண்ட அகராதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, அந்த ஜோடியை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.